புது ஆல்டர்னேட்டர் போட்டும் சார்ஜ் ஏறவில்லையா?

காட்டுப் பாதையில் ஒரு ஜீப்

காவிரிக் கரைப் பக்கம் கோபிநத்தம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அது கர்நாடக மாநிலத்து ஊர். ஆனால் மக்கள் பேசுவது தமிழ். 1956 வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்தில் இருந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பிறகு மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1997இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தார்கள். அப்போது கோபிநத்தம் சாமராஜநகர் மாவட்டத்து ஊராகிவிட்டது.

வெளியூரில் கோபிநத்தம் என்று சொன்னால், “வீரப்பன் ஊரா?” என்று கேட்பார்கள். ஊரில் இருப்பவர்களின் அன்றாடக் கவலை வேறு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாமான் வாங்க வேண்டும். மேட்டூருக்குப் போனாலும் மாதேஸ்வரன் மலைக்குப் போனாலும் காட்டு வழிதான். யானை நடமாடும் காடு. அந்த வழியில் வண்டியின் விளக்கு அணையக் கூடாது.

அந்தப் பாதையில் ஓடும் ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். பழைய டீசல் ஜீப். ஓட்டுநரின் சொந்த வண்டி. கடன் வாங்கி வாங்கியது. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டூர் போவார். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்.

ஒருநாள் திரும்ப நேரமாகிவிட்டது. வண்டியில் ஏழு பேர். அதில் ஒரு கைக்குழந்தை. பாலாற்றுப் பாலம் தாண்டியதும் ஹெட்லைட் மங்கத் தொடங்கியது. வெள்ளை வெளிச்சம் மஞ்சளானது. கொஞ்ச தூரத்தில் தணல் போல ஆனது. பாதை தெரியவில்லை. நல்ல வேளையாக ஒரு வேன் வந்தது. அதை முன்னால் போகவிட்டு, அதன் வெளிச்சத்திலேயே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் பார்த்தார்கள். ஆல்டர்னேட்டர் பழுது. பேரிங் தேய்ந்து, உள்ளே கம்பிச்சுருள் கருகியிருந்தது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியது வாங்கி மாட்டினார்கள். மூன்றாம் நாள் பேட்டரி மறுபடி இறங்கிவிட்டது. செல்ப் எடுக்கவில்லை. வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது.

ஓட்டுநருக்குக் கோபம். மேட்டூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“அண்ணா, டூப்ளிகேட் சாமானைத் தலையில கட்டிட்டாங்க. இதைக் கழட்டிட்டு வேற ஒண்ணு போடுங்க” என்றார்.

எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைத் தொடவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, சாவி போட்டா சிவப்பு லைட் எரியுதா?”

“இல்லைங்கண்ணா. எப்பவுமே எரியல. அதனாலதான் சார்ஜ் நல்லா ஏறுதுன்னு நெனச்சேன்.”

“அங்கதான் தம்பி கோளாறு. அந்த லைட் எரியாததுதான் கோளாறு.”

ஓட்டுநருக்குப் புரியவில்லை. விளக்கு எரிந்தால்தானே ஆபத்து? எரியாமல் இருந்தால் நல்லதுதானே? அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு விடை வேண்டுமானால், ஆல்டர்னேட்டர் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

தொட்டியும் பம்பும்

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கிணற்றில் பம்பு இருக்கிறது. பம்பு ஓடினால் தொட்டி நிறையும். பம்பு நின்றாலும் தொட்டியில் உள்ள தண்ணீர் கொஞ்ச நேரம் வரும். பிறகு குழாயில் காற்றுதான் வரும்.

வண்டியில் பேட்டரிதான் தொட்டி. ஆல்டர்னேட்டர்தான் பம்பு. இரண்டையும் இணைக்கும் குழாய் ஒயர். எஞ்சின் ஓடும்போது பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. அதிலிருந்து மின்சாரம் வருகிறது. அதுவே விளக்கை எரிக்கிறது. மீதி மின்சாரம் பேட்டரியை நிரப்புகிறது.

புதுப் பம்பு வாங்கி வைத்தாயிற்று. தொட்டி நிறையவில்லை. உடனே பம்பைக் குறை சொல்வோமா? குழாய் உடைந்திருக்கலாம். வால்வு மூடியிருக்கலாம். வண்டியிலும் அப்படியே. ஆனால் ஒயருக்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பழியெல்லாம் புதுச் சாமான் மேல் விழுகிறது. ஆல்டர்னேட்டரை இரண்டாம் முறை மாற்றியும் கோளாறு தீராமல் திரும்பி வரும் வண்டிகள் உண்டு. காசு போனதுதான் மிச்சம்.

ஆல்டர்னேட்டருக்குள் என்ன இருக்கிறது? சுற்றாமல் நிற்கும் செம்புக் கம்பிச்சுருள் இருக்கிறது. அதன் நடுவே ஒரு காந்தம் சுற்றுகிறது. கம்பிச்சுருளின் அருகே காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும். 1831இல் இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே இதைச் செய்து காட்டினார். காவிரியில் மேட்டூர் அணையின் மின் நிலையம் ஓடுவதும் இதே வழியில்தான்.

ஆனால் ஆல்டர்னேட்டரில் இருப்பது எப்போதும் காந்தமாகவே இருக்கும் காந்தம் அல்ல. அது இரும்பு. அதைச் சுற்றிக் கம்பி சுற்றியிருக்கிறது. அந்தக் கம்பியில் மின்சாரம் ஓடினால்தான் இரும்பு காந்தமாகும். மின்சாரம் இல்லையென்றால் அது வெறும் இரும்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

பழைய வண்டிகளில் டைனமோ இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடினால் டைனமோ சார்ஜ் கொடுக்காது. அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி 1960ஆம் ஆண்டு மாடல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. பிறகு மெல்ல மெல்ல எல்லா வண்டிக்கும் வந்துவிட்டது. ஆனாலும் பலர் இன்றும் ஆல்டர்னேட்டரை டைனமோ என்றே சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் போகட்டும். டைனமோ காலத்து வைத்தியத்தை மட்டும் ஆல்டர்னேட்டரிடம் செய்யக் கூடாது. அது என்ன வைத்தியம் என்று பின்னால் வருகிறது.

மூன்று வழிகள்

ஆல்டர்னேட்டருக்கு மூன்று வழிகள் முக்கியம்.

முதல் வழி தடித்த ஒயர். ஆல்டர்னேட்டரின் பின்புறம் ஒரு பெரிய போல்ட்டில் இது மாட்டியிருக்கும். அந்த இடத்தில் பி அல்லது பி பிளஸ் என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். இந்த ஒயர் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் போகிறது. சார்ஜ் முழுவதும் இதன் வழியே போக வேண்டும். இதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். சாவியை எடுத்தாலும் இருக்கும்.

இரண்டாவது வழி மெல்லிய ஒயர். எல் என்றோ டி பிளஸ் என்றோ எழுதியிருக்கும். இது சாவி சுவிட்சிலிருந்து புறப்பட்டு, சிவப்பு விளக்கின் வழியாக ஆல்டர்னேட்டருக்கு வருகிறது. சில வண்டிகளில் இதன் பக்கத்தில் இன்னொரு மெல்லிய ஒயரும் இருக்கும். பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று ஆல்டர்னேட்டருக்குச் சொல்வது அதன் வேலை.

மூன்றாவது வழி எர்த். இதற்குப் பெரும்பாலும் தனி ஒயர் கிடையாது. ஆல்டர்னேட்டரின் உடம்பே எர்த். அங்கிருந்து எஞ்சினுக்கும், எஞ்சினிலிருந்து ஒரு பட்டையின் வழியே பேட்டரியின் மைனஸ் முனைக்கும் மின்சாரம் திரும்புகிறது. போகிற வழி நன்றாக இருந்து, திரும்புகிற வழி கெட்டிருந்தாலும் சார்ஜ் ஏறாது. பலரும் பார்க்க மறப்பது இந்த வழியைத்தான்.

தொடும் முன்பு

பேட்டரி 12 வோல்ட்தான். தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் பலருக்கு அலட்சியம். ஆனால் அதே பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு நொடியில் கொடுக்கும். மோதிரமோ காப்போ பிளஸ் முனைக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் பட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். விரலைச் சுட்டுவிடும். எனவே முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள்.

நட்டைக் கழற்றுவதென்றால் பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் எடுங்கள். திரும்ப மாட்டும்போது மைனஸை கடைசியில் மாட்டுங்கள். மைனஸ் மாட்டியிருக்கும்போது, பிளஸில் வைத்த ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரிய பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது பொறி பட்டால் வெடிக்கும். அருகில் நின்று பீடி பற்ற வைக்கக் கூடாது.

பிளஸையும் மைனஸையும் மாற்றி மாட்டிவிட்டால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் அந்த நொடியே கருகிவிடும். டயோடு என்பது மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடும் சிறு வால்வு.

இப்போது அந்த டைனமோ காலத்து வைத்தியம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். வண்டி நிற்காமல் ஓடினால் சார்ஜ் வருகிறது என்று முடிவு செய்வார்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. பேட்டரி திடீரென்று விலகியதும் வோல்ட் தாறுமாறாக ஏறும். டயோடு போகும். ரெகுலேட்டர் போகும். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டியும் போகும். நல்ல புது ஆல்டர்னேட்டரை இப்படிச் சோதித்தே கெடுத்தவர்கள் உண்டு.

சிவப்பு விளக்கு சொல்லும் சேதி

எலக்ட்ரீஷியன் ஓட்டுநரிடம் கேட்ட கேள்விக்கு வருவோம்.

சாவியைத் திருப்புகிறோம். எஞ்சின் இன்னும் ஓடவில்லை. அப்போது பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குள் போகிறது. அந்த மின்சாரம்தான் உள்ளே இருக்கும் இரும்பைக் காந்தமாக்குகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் தருகிறது. விளக்கின் இரண்டு பக்கமும் வோல்ட் சமமாகிவிடும். விளக்கு அணைந்துவிடும்.

எனவே விளக்கு முதலில் எரிந்து, பிறகு அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால், அந்த வழியில் மின்சாரம் ஓடவில்லை என்று பொருள். பல்பு போயிருக்கலாம். பியூஸ் போயிருக்கலாம். மெல்லிய ஒயர் அறுந்திருக்கலாம். அப்போது இரும்பு காந்தமாகாது. ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றும். சில ஆல்டர்னேட்டர்கள் எஞ்சினை மிக வேகமாக ஓட்டினால் தாமாகவே வேலை தொடங்கும். மேடு ஏறும்போது சார்ஜ் ஏறி, சமதளத்தில் ஏறாமல் இருந்தால் இதைச் சந்தேகப்படலாம்.

எஞ்சின் ஓடிய பிறகும் விளக்கு பளிச்சென்று எரிந்தால் வேறு சேதி. பெல்ட் அறுந்திருக்கலாம், வழுக்கலாம். மெல்லிய ஒயர் எங்காவது இரும்பில் உரசிக்கொண்டிருக்கலாம். ஆல்டர்னேட்டரே பழுதாகவும் இருக்கலாம். விளக்கு மங்கலாக மினுக்கினால் டயோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது எங்கோ இணைப்பு சரியில்லை.

எலக்ட்ரீஷியன் பானட்டைத் திறந்தார். மெல்லிய ஒயரின் கப்ளரைப் பார்த்தார். பழைய ஆல்டர்னேட்டரின் கப்ளர் புதியதில் பொருந்தவில்லை போலும். யாரோ ஒயரை வெட்டி, புது ஒயரோடு முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தார். முறுக்கு விட்டுப்போய் இரண்டு முனையும் தனித்தனியே கிடந்தன.

“மாட்டின அன்னைக்கே விட்டுப் போயிருக்கும் தம்பி. வெளியில பார்த்தா டேப் ஒழுங்காத்தான் இருக்கு.”

அவர் ஒரு சிறிய 12 வோல்ட் சோதனை பல்பை எடுத்தார். சாவியைப் போடச் சொன்னார். பல்பின் ஒரு முனையை சுவிட்ச் பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயரில் வைத்தார். மறு முனையை எஞ்சின் இரும்பில் வைத்தார். சோதனை பல்பும் மங்கலாக எரிந்தது. வண்டியின் சிவப்பு விளக்கும் மங்கலாக எரிந்தது. சாவியை எடுத்ததும் இரண்டும் அணைந்தன. சுவிட்சிலிருந்து அதுவரை ஒயர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பல்பு இல்லாமல் ஒயரை நேராக இரும்பில் தொட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. தவறான ஒயரைத் தொட்டுவிட்டால் பியூஸ் போகும். பல்பு வைத்துப் பார்ப்பதே நல்லது. ஒயரின் உறையை ஊசியால் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி உள்ளே செம்பு அரித்துப் போகும்.

ஒயரை ஒழுங்காக ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டார். சாவியைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. செல்ப் எடுக்க பேட்டரியில் தெம்பு இல்லை. கடையில் சார்ஜ் போட்டு வைத்திருந்த வேறு பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். விளக்கு அணைந்தது.

ஓட்டுநருக்கு முகம் மலர்ந்தது. “முடிஞ்சுதுங்களாண்ணா?”

“இரு தம்பி. மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

மீட்டரில் படிக்க வேண்டிய எண்கள்

மல்டிமீட்டர் என்பது வோல்ட் அளக்கும் சிறு கருவி. எண் படிக்கத் தெரிந்தால் போதும். யாரும் பயன்படுத்தலாம். அதன் குமிழை டி.சி. வோல்ட், 20 என்ற இடத்தில் வைக்க வேண்டும். சிவப்பு முனை பிளஸில். கறுப்பு முனை மைனஸில். ஆம்பியர் என்ற இடத்தில் குமிழை வைத்துக்கொண்டு பேட்டரியைத் தொடாதீர்கள். மீட்டரின் பியூஸ் போய்விடும். பியூஸ் இல்லாத இடத்தில் செருகியிருந்தால் மீட்டரே கருகிவிடும்.

எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆன பிறகு, நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய முழுதும் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.3, 12.4 என்றே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. அதுவும் கெடுதல். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். பல்புகள் அடிக்கடி போகும்.

இந்த எண்கள் பழைய முறை வண்டிகளுக்குப் பொருந்தும். இப்போது வரும் பல கார்களில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. டீசல், பெட்ரோல் மிச்சம் பிடிக்க அது சில நேரம் வோல்டைக் குறைக்கும். 12.8 காட்டினாலும் பழுது என்று சொல்லிவிட முடியாது. அந்த வண்டிகளின் மெல்லிய ஒயரில் சோதனை பல்பு வைக்கவும் கூடாது. கம்பெனி சொல்லும் முறைப்படி பார்க்க வேண்டும்.

ஜீப்புக்கு வருவோம். எஞ்சின் ஓடுகிறது. ஹெட்லைட்டும் போட்டாயிற்று. எலக்ட்ரீஷியன் பேட்டரியில் அளந்தார். 12.9 காட்டியது. ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலும் அதன் உடம்பிலும் வைத்து அளந்தார். 14.3 காட்டியது.

ஆல்டர்னேட்டர் 14.3 கொடுக்கிறது. பேட்டரிக்கு வந்து சேருவது 12.9. நடுவில் 1.4 வோல்ட் எங்கே போனது? பம்பில் தண்ணீர் நன்றாக வருகிறது. தொட்டியில் சொட்டு சொட்டாக விழுகிறது. அப்படியானால் குழாயில்தானே அடைப்பு?

காணாமல் போன 1.4 வோல்ட்

அடைப்பைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. எஞ்சின் ஓட வேண்டும். விளக்கு எரிய வேண்டும். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டில் வையுங்கள். மறு முனையை பேட்டரியின் பிளஸ் முனையிலேயே வையுங்கள். அதாவது ஒரே ஒயரின் இரண்டு நுனிகளிலும். ஒயர் நன்றாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. 0.2, 0.3 வரை பரவாயில்லை. அரை வோல்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது.

ஜீப்பில் 1.2 காட்டியது.

பிறகு எர்த் வழி. ஒரு முனை ஆல்டர்னேட்டர் உடம்பில். மறு முனை பேட்டரியின் மைனஸில். 0.2 காட்டியது.

கூட்டிப் பாருங்கள். 1.2 + 0.2 = 1.4. காணாமல் போன வோல்ட் முழுவதும் கணக்கில் வந்துவிட்டது. திருடன் தடித்த ஒயரின் பக்கம் இருக்கிறான்.

“கையை வச்சுப் பாரு தம்பி. மெதுவா” என்றார் எலக்ட்ரீஷியன். தடித்த ஒயர் பேட்டரிப் பக்கம் வந்து சேரும் இடத்தைக் காட்டினார். ஓட்டுநர் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். அந்த இடம் சுட்டது.

ஏன் சுட்டது? அந்த நேரம் ஒயரில் சுமார் 20 ஆம்பியர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 20ஐ 1.2ஆல் பெருக்கினால் 24. அதாவது 24 வாட். பேட்டரிக்குப் போக வேண்டிய 24 வாட், ஒரு நகக்கண் அளவு இடத்தில் சூடாக வீணாகிறது.

எஞ்சினை நிறுத்தினார்கள். மைனஸைக் கழற்றிவிட்டு அந்த இணைப்பைப் பிரித்தார்கள். லக் முழுவதும் பச்சைக் களிம்பு. பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டுப் பட்டுச் செம்பு அரித்திருந்தது. ஒயரின் இழைகளில் பாதி பொடியாக உதிர்ந்தன. மேலே நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் களிம்பு புது ஆல்டர்னேட்டர் மாட்டியதால் வந்தது அல்ல. பல மாதமாகச் சேர்ந்தது. பேட்டரி எப்போதும் அரைகுறையாக நிறைந்ததால், பழைய ஆல்டர்னேட்டர் ஓய்வே இல்லாமல் உழைத்திருக்கும். அது சீக்கிரம் கருகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒயரைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றினால், புதியதும் அதே பாரத்தைத்தான் சுமக்கும்.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டுப் புது லக் வைத்து அழுத்தினார்கள். எர்த் பட்டையின் இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்தார்கள். பெயிண்டின் மேல் எர்த் மாட்டினால் பிடிக்காது. இரும்பு பளபளவென்று தெரிய வேண்டும். மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினார்கள். காற்றும் ஈரமும் படாமல் இருக்க அது போதும்.

மறுபடி எஞ்சின். மறுபடி ஹெட்லைட். ஆல்டர்னேட்டரில் 14.2. தடித்த ஒயரில் இழப்பு 0.2. எர்த்தில் 0.1. பேட்டரியில் 13.9.

புது ஆல்டர்னேட்டர் நல்ல சாமான்தான். செலவானது ஒரு லக், ஒரு முழம் ஒயர், எலக்ட்ரீஷியனின் கூலி. கடையிலிருந்து வாங்கிய மாற்று பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பேட்டரியை அங்கேயே சார்ஜில் போட்டார் ஓட்டுநர். அதற்கும் காரணம் உண்டு. முழுதும் இறங்கிய பேட்டரியை ஆல்டர்னேட்டரால் நிரப்பப் பார்த்தால், அது வெகுநேரம் முழு பாரத்தில் ஓடிச் சூடாகும். புதுச் சாமானுக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பெரிய ஆல்டர்னேட்டர், சின்ன ஒயர்

சிலர் மாற்றும்போது பெரியதாக மாற்றுகிறார்கள். 35 ஆம்பியர் இருந்த இடத்தில் 65 ஆம்பியர் வைக்கிறார்கள். கூடுதல் விளக்கு, பாட்டுப் பெட்டி எல்லாம் போடலாம் என்று ஆசை. வைக்கலாம். தவறில்லை. ஆனால் தடித்த ஒயரையும் மாற்ற வேண்டும். 35க்குப் போட்ட ஒயரில் 65 ஓடினால் ஒயர் சூடாகும். உறை உருகும். உள்ளே செம்பு தெரியும். அது வண்டியின் இரும்பைத் தொட்டால் தீ. இந்த ஒயருக்குத் தனி பியூஸ் இருந்தால், அதுவும் ஆல்டர்னேட்டருக்கும் ஒயருக்கும் ஏற்ற அளவில் இருக்க வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் கம்பியைச் சுற்றி வைப்பது, வீட்டுக்குத் தீ வைக்க நாமே தீக்குச்சி கொடுப்பது போல.

ராத்திரியில் இறங்கும் பேட்டரி

வேறொரு கோளாறும் உண்டு. ஓடும்போது மீட்டர் 14 காட்டுகிறது. எல்லாம் சரி. ஆனால் காலையில் பார்த்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. இதில் இரண்டு காரணங்களை முதலில் பார்க்கலாம். மெல்லிய ஒயரை, சாவியின் வழியாக வராத, எப்போதும் மின்சாரம் உள்ள ஒயரோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். அப்போது சாவியை எடுத்த பிறகும் ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருள் ராத்திரி முழுவதும் மின்சாரம் குடிக்கும். வண்டி ஓடாமல் நிற்கும்போது ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அல்லது டயோடு ஒன்று கெட்டு, மின்சாரம் பின்னோக்கி ஒழுகும்.

சோதிக்க, ராத்திரி மைனஸைக் கழற்றுங்கள். தடித்த ஒயரை ஆல்டர்னேட்டரிலிருந்து பிரித்து, நுனியில் டேப் சுற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். கப்ளரையும் பிரித்துவிடுங்கள். பிறகு மைனஸை மாட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் பேட்டரி இறங்காமல் இருந்தால் ஒழுகல் ஆல்டர்னேட்டர் பக்கம். அப்போதும் இறங்கியிருந்தால் வண்டியில் வேறெங்கோ. எஞ்சினை ஓட்டும் முன் எல்லாவற்றையும் பழையபடி மாட்ட வேண்டும். மறக்கக் கூடாது.

பாதி வழியில் சார்ஜ் நின்றால்

பாலாறு தாண்டிய பிறகு சிவப்பு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது?

முதலில் பெல்ட்டை நினைக்க வேண்டும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீரும் ஓடாது. சிவப்பு விளக்கோடு வெப்பம் காட்டும் முள்ளும் ஏறினால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவோடு பார்த்தால் ஆல்டர்னேட்டர் விலை சில்லறைக் காசு. காட்டுப் பாதையில் ஓடும் வண்டியில் ஒரு பெல்ட்டும், அதை மாட்டத் தேவையான ஸ்பேனரும் எப்போதும் இருக்கட்டும்.

முள் ஏறவில்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது என்றால் பேட்டரியில் உள்ளதைக் கொண்டு ஊர் போய்ச் சேரலாம். ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 120 வாட். 120ஐ 12ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். பேட்டரி 60 ஆம்பியர்-மணி என்றால் 60ஐ 10ஆல் வகுக்க 6 மணி நேரம் வருகிறது. இது தாளில் வரும் கணக்கு. பேட்டரி நிறைந்திருந்தாலும் நல்ல வெளிச்சம் அதில் பாதி நேரம் வரைதான் இருக்கும். பழைய பேட்டரியாக இருந்தால் இன்னும் குறைவு. அதனால் பாட்டை நிறுத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். எஞ்சினை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மறுபடி செல்ப் எடுக்க நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த ஒரு இழுப்பில் மிச்சம் இருந்த வெளிச்சமும் போய்விடலாம். பழைய டீசல் எஞ்சின் பேட்டரி இல்லாமலும் ஓடும். பெட்ரோல் வண்டியும், கம்ப்யூட்டர் வைத்த டீசல் வண்டியும் பேட்டரி தீர்ந்ததும் நின்றுவிடும்.

விளக்கு மங்கத் தொடங்கிவிட்டால், பாலாறு செக்போஸ்ட் போல ஆள் இருக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே ஒதுங்கிவிடுவது நல்லது. காட்டின் நடுவில் நின்றுவிட்டால், ஆட்களை வண்டிக்குள்ளேயே உட்கார வையுங்கள். அடுத்த வண்டி வரட்டும்.